மலைக்கு மலை தாவும் பேச்சு!

1951-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம். அங்குள்ள ஆப்பரா மாளிகையில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி இருந்தார்கள். ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்வதற்கான மாநாடு அது. ஜனாதிபதி ட்ரூமன் எழுந்து பேசினார்.

அதே நேரத்தில் 2,500 மைலுக்கு அப்பால், கிழக்குக் கரையில் உள்ள நியூயார்க் நகரத்துக் குடும்பங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தன. அங்கே உதடு அசைந்தது. இங்கே குரல் கேட்டது. அமெரிக்காவில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. ஒரு கரையில் நடப்பதை மறு கரைக்காரர்கள் பார்க்க வேண்டுமானால், பிலிமில் பிடித்து அனுப்பித்தான் காட்ட வேண்டும்.

படத்தைச் சுமந்து வந்தது எது? செயற்கைக் கோள் அல்ல. முதல் செயற்கைக் கோளே 1957-ம் ஆண்டில்தான் வானத்துக்குப் போனது. மலை உச்சிகளிலும், கோதுமை வயல்களிலும், பாலைவனத்திலும் நின்ற 107 நிலையங்கள்தாம் படத்தைக் கைமாற்றிக் கொடுத்தன. ஒரு கோபுரம் வாங்கும், அடுத்ததற்குக் கொடுக்கும். அது அதற்கு அடுத்ததற்குக் கொடுக்கும். இடையே கம்பி கிடையாது. 107-ல் ஒன்று சோர்ந்து போனாலும் படம் அவ்வளவுதான்!

இதற்குப் பெயர் மைக்ரோவேவ். தமிழில் நுண்ணலை என்கிறோம்.

இந்த வித்தை பழங்கதையாகி விடவில்லை. உங்கள் ஊர்ச் செல்போன் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். நீளமான பலகைகள் சில தொங்கும். அவை உங்கள் கைப் போனுடன் பேசுகிறவை. அவற்றுக்குக் கீழே முரசு போல் வெள்ளை வட்டங்கள் ஒன்றிரண்டு இருக்கும். அவை உங்களுடன் பேசுவதில்லை. பக்கத்து ஊர்க் கோபுரத்துடன் பேசுகின்றன. பூமிக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேராத கோபுரங்களில், அந்த ஊர்ப் பேச்சு முழுவதும் அந்த முரசு வழியாகத்தான் வெளியே போகிறது. ஆம்புலன்சைக் கூப்பிடும் குரலும் அதில்தான் போகிறது. ஆகவே அந்த முரசைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அலை எவ்வளவு பெரியது?

குளத்தில் கல்லைப் போட்டால் அலை எழும்பும். ஓர் அலையின் முகட்டில் இருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலை நீளம். ஒரு நொடியில் எத்தனை அலை நம்மைக் கடந்து போகிறதோ, அது அதிர்வெண். ரேடியோ அலையும் இப்படித்தான். ஆனால் அது ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வேகம் மாறாது. ஆகவே அதிர்வெண் கூடினால் அலை குட்டையாகும்.

வீட்டு ரேடியோவில் மத்திய அலை வரிசை என்று ஒன்று உண்டு. அதில் ஓர் அலை சுமார் 300 மீட்டர் நீளம். ஒரு தெருவே அதற்குள் அடங்கிவிடும். அந்த அமெரிக்கக் கோபுரங்கள் வீசிய அலையோ ஏழரை சென்டிமீட்டர்தான். உங்கள் ஆட்காட்டி விரலின் நீளம். நொடிக்கு 400 கோடி அலைகள்! இதை 4,000 மெகா ஹெர்ட்ஸ் என்பார்கள். மெகா என்றால் பத்து லட்சம். ஹெர்ட்ஸ் என்பது ரேடியோ அலை உண்டு என்று முதலில் செய்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர்.

அலை ஏன் இவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, இடம். பேச்சுக்கு ஒற்றையடிப் பாதை போதும். டெலிவிஷன் படத்துக்கு ராஜபாட்டை வேண்டும். அந்தப் பாதையின் அகலத்துக்குப் பெயர் 'பாண்ட் வித்'. பட்டை அகலம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய அமெரிக்க டெலிவிஷன் படம் ஒன்றுக்கு 4 மெகா ஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. மத்திய அலை வரிசை முழுவதையும் காலி செய்து கொடுத்தாலும் ஒரு மெகா ஹெர்ட்ஸ்தான் தேறும்! ஒரு படத்துக்கே போதாது. 4,000 மெகா ஹெர்ட்ஸ் அருகிலோ 500 மெகா ஹெர்ட்ஸ் அகலம் சும்மா கிடந்தது. அதில் பல படங்களும், ஆயிரக்கணக்கான டெலிபோன் பேச்சுகளும் போகலாம்.

மற்றொன்று, குறி. பெரிய அலையை ஒரு பக்கமாகத் திருப்ப மலை அளவு கருவி வேண்டும். விரல் அளவு அலையை, ஓர் ஆள் உயரக் கிண்ணத்தை வைத்தே டார்ச் வெளிச்சம் போல் குவித்து விடலாம். நாலா பக்கமும் சிதறாமல் ஒரே பக்கம் போவதால் மிகக் குறைந்த சக்தி போதும். எவ்வளவு தெரியுமா? அந்த 107 நிலையங்களில் ஒவ்வொன்றும், ஒரு பாதைக்கு வெளியே விட்ட அலையின் சக்தி அரை வாட்! நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வீட்டில் எரிந்த 60 வாட் பல்புக்குக் காணாது. அமெரிக்காவின் அகலம் முழுவதையும் கடந்தது அந்தச் சக்திதான். (கருவிகளை ஓட்டச் செலவான மின்சாரம் வேறு கணக்கு. அது மிக அதிகம்.)

வங்காளத்தில் அடித்த மணி

இந்தக் குட்டை அலைகளை ஆரம்பத்திலேயே கையாண்டவர்களில் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். ஜகதீச சந்திர போஸ். 1894-க்கும் 1896-க்கும் இடையே, கல்கத்தாவில், சில மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கினார். அந்த அலை சுவரைத் தாண்டிப் போய் தூரத்தில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. அலையைக் குவிக்க அவர் கொம்பு வடிவக் குழாயைப் பயன்படுத்தினார். இன்றும் கிண்ணத்துக்கு முன்னால் இருக்கும் ஊதுகுழல் அதன் வாரிசுதான்.

1931-ம் ஆண்டில் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் நடுவே, கடலைத் தாண்டி 18 சென்டிமீட்டர் அலையில் பேசிக் காட்டினார்கள். பிறகு யுத்தம் வந்தது. எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காக நுண்ணலைக் கருவிகள் வெகு வேகமாக வளர்ந்தன. யுத்தம் முடிந்ததும் அந்த அறிவு டெலிபோனுக்குத் திரும்பியது. 1947-ல் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் கோபுர வரிசை போட்டுப் பார்த்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 4 கோடி டாலர் செலவில் கடலுக்குக் கடல் போட்டு விட்டார்கள். இந்தியாவில் முதல் நுண்ணலைப் பாதை 1965-ம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் அசன்சோலுக்கும் இடையே திறக்கப்பட்டது.

முப்பது மைல் ஏன்?

அமெரிக்கக் கோபுரங்கள் சராசரியாக 30 மைலுக்கு ஒன்றாக நின்றன. ஒரு கோபுரத்தில் இருந்து அடுத்த கோபுரத்துக்கு அலை போவதை 'ஹாப்' என்பார்கள். தாவல் என்று அர்த்தம். தாவலை 100 மைலாக நீட்டினால் பாதிக்கு மேல் கோபுரங்கள் மிச்சம் ஆகுமே?

ஆகாது. பூமி உருண்டை!

நுண்ணலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். அனுப்பும் கிண்ணத்தின் கண்ணுக்கு வாங்கும் கிண்ணம் தெரியவேண்டும். இதற்கு நேர்ப்பார்வை என்று பெயர். 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் தூரத்தில், பூமியின் முதுகு நடுவில் 45 மீட்டர் புடைத்து நிற்கும். காற்று அலையைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்து உதவி செய்கிறது. அதனால் கணக்கில் அது 34 மீட்டர் போலக் குறைகிறது.

அதோடு முடியவில்லை. அலை நூல் போல் மெல்லிசாகப் போவதும் இல்லை. அது வெள்ளரிக்காய் வடிவத்தில் போகிறது. இரு முனையிலும் கூர், நடுவில் பருமன். ஃப்ரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒளியைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியால் இதை 'ஃப்ரெனல் வட்டம்' என்கிறார்கள். ஏழரை சென்டிமீட்டர் அலை 48 கிலோமீட்டர் போகும்போது, நடு வழியில் இந்த வெள்ளரிக்காயின் மையத்தில் இருந்து விளிம்புக்கு 30 மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காவது, அதாவது 18 மீட்டராவது, காலியாக இருக்கவேண்டும். 34-ம் 18-ம் 52 மீட்டர். மரம், கட்டடம் எதுவும் இல்லாத சமவெளியில் கூட இரு கோபுரமும் 17 மாடி உயரம் இருக்கவேண்டும் என்று ஆகிறது. 100 மைல் என்றால் இந்த உயரம் எங்கேயோ போய்விடும். அதனால்தான் கோபுரக்காரர்கள் மலை உச்சியைத் தேடி ஓடினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோபுரம் கட்டிய நாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பேச்சு நலியத் தொடங்கும். கருவியைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பார்கள். பழுது கருவியில் இராது. நடு வழியில் எவரோ நட்ட மரம் வளர்ந்து வெள்ளரிக்காயைக் கடித்திருக்கும்!

நடுவில் மலை குறுக்கிட்டால் சில இடங்களில் வேறு தந்திரம் செய்கிறார்கள். மலை மேல் சினிமாத் திரை போல் பெரிய உலோகப் பலகை ஒன்றை நிறுத்தி விடுவார்கள். கண்ணாடியில் வெயில் பட்டுத் திரும்புவது போல் அலை அதில் பட்டு அடுத்த பக்கம் திரும்பும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

கல்யாண வீட்டு ஊளை

கோபுரத்தின் கீழே உள்ள அறையில் 'ரிப்பீட்டர்' இருக்கிறது. வந்த அலை, வழியில் வீரியம் இழந்திருக்கும். அரை வாட்டாகப் புறப்பட்டது, ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்து சேரும். அதை மீண்டும் அரை வாட்டாக்கி அடுத்த பக்கம் அனுப்பவேண்டும்.

கல்யாண வீட்டில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டு போனால் என்ன ஆகும்? 'கூ' என்று ஊளையிடும். பெருக்கிய சத்தமே மறுபடி மைக்கில் புகுவதால் வரும் வினை அது. கோபுரத்திலும் அதே ஆபத்து உண்டு. வாங்கும் கிண்ணமும் கொடுக்கும் கிண்ணமும் ஒரே இடத்தில் அல்லவா இருக்கின்றன? அதனால் வந்த அதிர்வெண்ணிலேயே திருப்பி அனுப்பமாட்டார்கள். அமெரிக்கப் பாதையில் ஒவ்வொரு நிலையத்திலும் 40 மெகா ஹெர்ட்ஸ் மாற்றி அனுப்பினார்கள். அடுத்த நிலையத்தில் பழையபடி மாற்றினார்கள்.

கோபுரங்களை வரிசையாக, நூல் பிடித்தாற்போல் நிறுத்தவும் இல்லை. கோணல் மாணலாகவே நிறுத்தினார்கள். வேலை தெரியாமல் அல்ல. காற்றின் தன்மை மாறும் சில நாட்களில் அலை எல்லை மீறி நெடுந்தூரம் ஓடிவிடும். முதல் கோபுரத்தின் அலை நாலாவது கோபுரத்தில் போய்ப் புகுந்து குழப்பும். கோணலாக நின்றால் அது குறி தப்பிப் போய்விடும்.

குறி என்றால் சாதாரணக் குறி அல்ல. கிண்ணம் ஒரே ஒரு டிகிரி திரும்பி விட்டால், 48 கிலோமீட்டரில் அலை 800 மீட்டருக்கு மேல் விலகிப் போகும். புயல் அடித்து ஓய்ந்த பிறகு, நெட்டையாக நிற்கும் கோபுரத்தில் பேச்சு மட்டும் போய்விட்டது என்றால், பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆள் மேலே ஏறி, திருகாணியைத் தளர்த்தி, கிண்ணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி மீட்டரைப் பார்ப்பார். முள் உச்சிக்குப் போனதும் இறுக்குவார். காற்றில் தொங்கிக்கொண்டு செய்யும் வேலை அது.

அமைதியான இரவுதான் ஆபத்து

இடி மின்னல் அடித்தால்தான் பேச்சு தடைப்படும் என்று நாம் நினைப்போம். நீண்ட தாவல்களில் விஷயம் நேர்மாறானது. காற்று அசையாத, தெளிந்த இரவுகளும் விடியற்காலைகளும்தான் அங்கே தொல்லை. அப்போது குளிர்ந்த காற்று தரையோடு படியும்; வெப்பக் காற்று அதன் மேல் போர்வை போல் கிடக்கும். அலை இரண்டு மூன்று வழியாக வளைந்து வந்து சேரும். ஒரு வழியில் வந்த அலை மேடாக இருக்கும்போது, மற்றொரு வழியில் வந்தது பள்ளமாக இருந்தால், ஒன்றை ஒன்று அடித்துவிடும். இதற்கு 'ஃபேடிங்' என்று பெயர். மங்கல்.

எவ்வளவு மங்கும் என்பதை 'டெசிபல்' கணக்கில் சொல்வார்கள். இந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 10 டெசிபல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 10 கூடக் கூட ஒரு பூஜ்யம் கூடுகிறது, அவ்வளவுதான். கெட்ட இரவில் 30, 40 டெசிபல் கூட மங்கும். இதை எதிர்பார்த்து முன்கூட்டியே சக்தியை அதிகமாக வைப்பார்கள். குடும்பத்தில் கஷ்ட காலத்துக்கு என்று ஒதுக்கி வைக்கும் பணம் மாதிரி.

ஒரே பக்கம் பார்த்தபடி, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முரசுகள் மாட்டி இருப்பதைச் சில கோபுரங்களில் பார்க்கலாம். ஏன் இரண்டு என்று இப்போது விளங்கும். மேலே உள்ளதில் அலை மங்கும் நேரத்தில் சில மீட்டர் கீழே உள்ளதில் பெரும்பாலும் மங்காது. எது நன்றாக இருக்கிறதோ, அதைக் கருவி தானே எடுத்துக்கொள்ளும். இதை 'டைவர்சிட்டி' என்பார்கள்.

மழை எப்போது கெடுக்கும்? அலை குட்டையாகும் போது. 4,000 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கு மழை ஒரு பொருட்டல்ல. 10,000-ஐத் தாண்டினால் மழைத்துளி வேலையைக் காட்டும். செல்போன் கோபுரங்களில் 15,000 மெகா ஹெர்ட்ஸ் அலையும் ஓடுகிறது. அதன் நீளம் 2 சென்டிமீட்டர். கனமழை அதை விழுங்கும். ஆகவே அங்கே தாவலைக் குறைத்துக் கொள்கிறார்கள்.

பெரிய மழைத்துளி எந்த வடிவம் என்று நினைக்கிறீர்கள்? படத்தில் போடுவது போல் மேலே கூராக இராது. விழும் வேகத்தில் காற்று மோதி, அடி தட்டையாகி இட்லி போல் ஆகிவிடும். அதனால் படுக்கை வாட்டில் ஆடும் அலையை அது அதிகம் தடுக்கும். செங்குத்தாக ஆடும் அலையைக் கொஞ்சம் குறைவாகத் தடுக்கும். அலை எந்த வாட்டில் ஆடுகிறது என்பதற்குப் 'போலரைசேஷன்' என்று பெயர். மழைக்கு அஞ்சும் நீண்ட தாவலில் செங்குத்தை விரும்புவது இந்த இட்லியால்தான்.

புறா எச்சமும் நோபல் பரிசும்

கருவிக்குள் எப்போதும் ஒரு 'உஸ்' சத்தம் இருக்கும். இதுதான் இரைச்சல். வரும் அலை இரைச்சலுக்குக் கீழே போனால் பேச்சு கேட்காது. 1964-ம் ஆண்டில் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில், ராட்சதக் கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றில் இந்த இரைச்சலை அளந்தார்கள் இருவர். பென்சியாஸ், வில்சன் என்பது அவர்கள் பெயர். எல்லாக் கணக்கும் போட்ட பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இருந்தது. கொம்புக்குள் புறாக்கள் கூடு கட்டி எச்சமிட்டிருந்தன. விரட்டினார்கள், கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் அது, பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று தெரியவந்தது. 1978-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று வெடிகள்

1961-ம் ஆண்டு மே 28-ந் தேதி அமெரிக்காவின் யூடா, நெவாடா மாநிலங்களில் மூன்று நுண்ணலை நிலையங்களைச் சதிகாரர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆளில்லாத பாலைவனத்தில் நிற்கும் கோபுரம் நாட்டின் நரம்பு என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஒரே பாதையை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதும் தெரிந்தது. நிலையத்துக்குள் ஒரு கருவி ஓட, மற்றொன்று சூடாகத் தயாராக நிற்பது வழக்கம். இதை 'ஹாட் ஸ்டாண்ட்பை' என்பார்கள். ஆனால் கோபுரமே சாய்ந்தால் அது என்ன செய்யும்? வேறு வழியாகச் சுற்றிப் போக இன்னொரு பாதை இருந்தால்தான் பிழைக்கலாம். நம் ஊர்க் கோபுரங்களுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு முரசை நம்பி இருக்கும் ஊரில், அந்தத் தாவல் அறுந்தால் ஊரே ஊமையாகும். இரண்டு பக்கம் தொடர்பு உள்ள ஊர் புயலிலும் பேசும்.

1980-க்குப் பிறகு கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. ஓர் இழையில் போகும் செய்திக்கு முன்னால் பழைய கோபுர வரிசை ஒன்றுமே இல்லை. அமெரிக்காவின் பெரிய கோபுரங்கள் பல வேலையற்று நின்றன. ஆனால் கேபிளைப் புதைக்கப் பள்ளம் தோண்டவேண்டும். ஆறும் மலையும் குறுக்கே வந்தால் மாதக் கணக்கில் ஆகும். முரசை மாட்டச் சில நாட்கள் போதும். வெள்ளம் கேபிளை அறுத்துவிட்டால் முதலில் கைகொடுப்பதும் அதுவே.

வேகத்திலும் முரசு ஒரு படி மேல். கண்ணாடிக்குள் ஒளி, தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. காற்றில் போகும் நுண்ணலை ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை. சிக்காகோவில் இருந்து நியூ ஜெர்சிக்குப் போய்த் திரும்ப, 2010-ல் போட்ட மிக நேரான கேபிளில் ஒரு நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு ஆனது. கோபுர வழியில் 9 பங்குக்கும் குறைவு. இந்த மிச்சத்துக்காக அங்கே பங்கு வியாபாரிகள் புதிய கோபுரப் பாதைகளுக்குப் பணத்தைக் கொட்டினார்கள்! 1951-ல் ஒரு நாட்டைச் சேர்த்து வைத்த வித்தை, இப்படி விலை முந்திக்கொள்ளவும் பயன்படுகிறது. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்த முறை கோபுரத்தைப் பார்க்கும்போது முரசின் அளவைக் கவனியுங்கள். சோற்றுத் தட்டை விடச் சற்றுப் பெரியதாக இருந்தால், பொதுவாக அலை குட்டை, தாவலும் குட்டை. பக்கத்தில் உள்ள கோபுரத்துடன் பேசுகிறது. ஆள் உயரம் இருந்தால் தொலைவில் உள்ள ஊருடன் பேசுகிறது. அதன் வெள்ளை முகம் வெறும் மூடிதான்; மழையும் பறவையும் உள்ளே போகாமல் காக்கிறது. கிண்ணம் அதற்குள் இருக்கிறது. முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையில் நேராகப் போனால் அதன் ஜோடி நின்றுகொண்டிருக்கும்.